தேத்தண்ணி குடித்த கார்

எங்கள் வீட்டுக் கார் ஒரு மழைக்காலம் முழுவதும் தேயிலை குடித்தது. இப்போது கண்டியில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால், நான் வழக்கம்போல கதை அளக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அளக்கிற பழக்கம் எனக்கு உண்டுதான். ஆனால் இந்தக் கதையில் நான் கையிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. அந்தக் கார் பெட்ரோலும் குடித்தது, தேயிலையும் குடித்தது. இரண்டில் தேயிலையைத்தான் ரசித்துக் குடித்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா புசல்லாவை பஸாரில் ரேடியோவும் டீவியும் திருத்தும் கடை வைத்திருந்தார். வீடு மெயின் ரோட்டுக்கு மேலே ஒரு சின்ன ஏற்றத்தில் இருந்தது. அந்த ஏற்றத்தில்தான் ஒரு நாள் மத்தியானம், அப்பா ஒரு பழைய மொரிஸ் மைனரை முக்கி முனகி ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். அப்பாவைவிட வயது கூடிய கார் அது. நிறம் பச்சை. அதில் பெயின்ட் எவ்வளவு, பாசி எவ்வளவு என்று முதல் தடவை கழுவிப் பார்க்கும்வரை தெரியவில்லை. நான் அதைச் சுற்றி எத்தனை தடவை ஓடினேன் என்றால், அம்மா தனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவின் வயிற்றில் தம்பியோ தங்கச்சியோ இருந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று கிளினிக் அட்டையில் எழுதியிருந்தார்கள். மலை இறங்கிக் கம்பளைக்குப் போய், அங்கிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குப் போக வேண்டும். போன் அடித்தால் வாகனம் வாசலில் வந்து நிற்கிற காலம் இல்லை அது. "இந்த முறை நாம யார் கையையும் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். இந்த முறை என்றால், அதற்கு முந்திய முறை எது என்று நான் கேட்கவில்லை. கார் வந்த சந்தோஷத்தில் எனக்குக் காது கேட்காமல் போயிருந்தது.

ஆக, அந்தக் காருக்கு ஒரே ஒரு வேலைதான். தை பிறப்பதற்குள் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரம், அம்மாவுக்கு வலி வரும். அந்த நேரத்தில் அது ஸ்டார்ட் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒன்றை மட்டும்தான் அது செய்யாது.

ஐப்பசி வெயிலில் ராசாவாக இருந்த கார், கார்த்திகை மழை தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டது. புசல்லாவையில் மழை மேலிருந்து மட்டும் வராது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் நுழையும். உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், பள்ளிச் சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும். காரின் சீட்டிலும் பூத்தது. அப்பா தினமும் காலை ஐந்தரைக்குக் காரில் ஏறிச் சாவியைத் திருப்புவார். அது ஒரு கிழவர் காறுவதுபோல நாலு தடவை காறிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

நான் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் கணக்கு வைத்தேன். சாவியை ஒரு தடவை திருப்பியதும், முதல் செல்ஃபிலேயே எடுத்தால் அந்தத் தேதியில் வட்டம். எடுக்காவிட்டால் பெருக்கல் குறி. இரண்டாம் செல்ஃபில் எடுத்தால் பாதி வட்டம் போடலாமா என்று அப்பா ஒரு நாள் கெஞ்சிப் பார்த்தார். நான் மசியவில்லை. வலி வருகிற நேரத்தில் பாதி வட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார்த்திகை முதல் இரண்டு வாரத்தில் கலண்டர் முழுவதும் பெருக்கல் குறியாக இருந்தது. அம்மா அதைப் பார்க்காமல் சமைப்பதற்குப் பழகிக்கொண்டாள்.

அப்பா சும்மா இருக்கவில்லை. முதலில் காரை ஒரு பெரிய டார்ப்போலினால் இறுக்கிப் போர்த்தினார். அதற்குள்ளேயே கார் வியர்த்து, முன்னைவிட மோசமாக நனைந்தது. பிறகு அடிப்பாகத்துக்குப் பழைய என்ஜின் ஒயில் பூசினார். பெட்டரி முனைகளில் கிரீஸ் அப்பினார். முன்பக்கத்தைச் சாக்கால் மறைத்தார். பிளக்குகளைக் கழற்றி வந்து அடுப்பில் ரொட்டிக்குப் பக்கத்தில் சூடாக்கினார். அம்மா ஒரு நாள் ரொட்டி என்று நினைத்துக் கரண்டியால் ஒரு பிளக்கைத் திருப்பிப் போட்டாள். கடைசியில், வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பொனட்டுக்குள் ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். வயர் போவதற்காகப் பொனட்டை முழுதாக மூடாமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தார். பல்பு கொஞ்சம் உதவியது. வாரத்துக்கு இரண்டு வட்டம் கிடைத்தது.

"எல்லாம் இந்த மூடிதான்," என்று அப்பா எனக்குக் காட்டினார். டிஸ்ட்ரிபியூட்டர் என்று அதற்குப் பெயர். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவிலான கறுப்பு மூடி, அதிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு வயர் போகும். அந்த மூடிக்குள் ஈரம் பட்டால் கார் செத்த பிணம். வயர்கள் இடம் மாறாமல் இருக்க, கடையிலிருந்த கலர் நூலை ஒவ்வொன்றிலும் சுற்றிவைத்திருந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். அந்த வரிசையை நான் வாய்ப்பாட்டைவிட நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அம்மா பிறந்த தோட்டத்தில், தேயிலை பெக்டரியில், கொழுந்தைக் காயவைக்கிற டிரையரில் அவருக்கு வேலை. காரைச் சுற்றி வந்தார். பூஞ்சணத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். கலண்டரைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், ஒரு மலைக் கொழுந்தையே காய வைக்கிறவன் நான். ஒரு காரைக் காய வைக்க மாட்டேனா?"

மாமாவின் வாதம் இதுதான். காய்ந்த தேயிலையைப்போல ஈரத்தைக் குடிக்கிற சாமான் உலகத்தில் கிடையாது. ஒரு மணித்தியாலம் திறந்து வைத்தால் போதும், அறையில் இருக்கிற ஈரம், மணம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பெக்டரியில் அதை உடனே பையில் போட்டு மூடுகிறார்கள். அந்தக் குணம் அவர்களுக்குத் தொல்லை, நமக்கு மருந்து. தேத்தூளைச் சின்னப் பைகளில் கட்டிக் கார் முழுக்க வைக்க வேண்டும். ஈரம் குடித்த பைகளை எடுத்து வறுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும்.

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் அவ்வளவு தேத்தூளுக்கு எங்கே போவது என்று கேட்டார். பெக்டரியிலிருந்து ஒரு சிட்டிகைகூட வெளியே வர முடியாது, கேட்டில் சட்டைப்பையைத் திருப்பிப் பார்ப்பார்கள். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, பார்ப்போம் என்று போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்றத்தில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால், அம்மா பிறந்த தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஆறு பெண்கள், குடை பிடித்தபடி வரிசையாக ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. ஒவ்வொருத்தி கையிலும் காகிதத்தில் ஒட்டிய ஒரு தேத்தூள் பக்கெட். தோட்டத்தில் மாதா மாதம் வேலைக்காரருக்குக் குடிக்கக் கொடுக்கிற தூள். அந்த மாதத்துப் பக்கெட்டை உடைக்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள்.

அப்பா பதறிப்போனார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெரியம்மா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே குசினிக்குப் போய்ச் சுளகை எடுத்து, பக்கெட்டின் வாயைப் பல்லால் கிழித்து, கடகடவென்று கொட்டினாள்.

"நாங்க ஒரு மாசத்துக்குக் கொத்தமல்லித் தண்ணி குடிச்சிக்கிறோம் தம்பி. கார் தேத்தண்ணி குடிக்கட்டும்."

மற்ற ஐந்து பேரும் கொட்டினார்கள். சுளகில் கறுப்பாக ஒரு சின்ன மலை எழுந்தது. காலையில் தேத்தண்ணி இல்லாமல் மலையேறுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் காரின் புகழ் தோட்டம்வரை பரவிவிட்டது என்றுதான் எனக்குப் பெருமை. அவர்கள் போகும்போது ஒவ்வொருத்தியும் அம்மாவின் வயிற்றைத் தடவிவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் முழுவதும் வீட்டில் திருவிழாதான். அம்மா பழைய சேலையைக் கிழித்துப் பதினோரு பை தைத்தாள். நான் நிரப்பினேன், மாமா கட்டினார். பெரியவை ஏழு, சீட்டுகளுக்கு அடியில் போயின. சின்னவை நாலு, பொனட்டுக்குள் போயின. அதில் உள்ளங்கை அளவான ஒரு பையை, அப்பா தன் கையாலேயே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோடு சேர்த்துக் கட்டினார். மறுநாள் ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினார்.

எடுத்துவிட்டது! முதல் செல்ஃபிலேயே! நான் கலண்டரில் போட்ட வட்டம் பக்கத்துத் தேதிக்குள்ளும் புகுந்துவிட்டது.

அதற்குப் பிறகு வட்டத்துக்குமேல் வட்டம். ஒன்பது நாள், பத்து நாள், பதின்மூன்று நாள். தினமும் பின்னேரம் முறை வைத்து இரண்டு பைகளை அவிழ்த்து, தாச்சியில் இளஞ்சூட்டில் வறுப்போம். வீடு முழுக்கத் தேயிலை மணம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிறவள், உன் கொப்பியிலிருந்துகூடத் தேத்தண்ணி மணக்கிறது என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பதினான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். அத்தை வந்தால் வீடு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். குசினியில் தேத்தூள் டின் காலி. அம்மா என் காதில், ஓடிப்போய்க் கடையில் வாங்கி வா என்றாள். வெளியே மழை கொட்டியது. கடை ஏற்றத்துக்குக் கீழே. கார் வாசலில்.

எனக்கு யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கார்க் கதவு பூட்டியிருந்தது, சாவி அப்பாவின் இடுப்பில். ஆனால் பொனட் கட்டை முட்டுக் கொடுத்துத் திறந்துதானே இருக்கிறது? கையை விட்டேன். கைக்கு எட்டியது ஒரே ஒரு பைதான். அதை அவிழ்த்து, அதிலிருந்த தூள் முழுவதையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி எடுத்துப்போய், அம்மாவிடம் கடைக்குப் போய் வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

அத்தை ஒரு மிடறு குடித்தாள். கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"என்னா தம்பி, தேத்தூள பெட்ரோல் ஷெட்டுலயா வாங்குறீங்க?"

அப்பா தன் கோப்பையை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா கோப்பையை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, "நல்லாத்தானக்கா இருக்கு," என்றார். பொனட்டுக்குள் இருந்த ஏதோ ஒரு பையிலிருந்து ஒரு பிடி எடுத்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். பாவம், நல்லவிதமாகவே நினைத்திருக்கிறார்.

நான் களவாணி இல்லை. எடுத்ததைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அத்தை போனதும், வடிகட்டியில் மிஞ்சிய சக்கையை வழித்து எடுத்துப்போய் அதே பையில் போட்டு, அதே முடிச்சைப் போட்டு, அதே இடத்தில் கட்டிவிட்டேன். தேயிலை தேயிலைதானே. பை முன்னைவிடக் குண்டாகக்கூட இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்தும் விடியாமல் அப்பா என்னை எழுப்பினார். அம்மா கதிரையின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே மழையும் மூடுபனியும். ரோட்டில் போகிற வாகனத்தின் லைட்டுகூடத் தெரியவில்லை. எனக்குப் பயமே இல்லை. வந்துவிட்டது! எங்கள் காரின் நாள் வந்துவிட்டது! பதினான்கு வட்டம் போட்ட கார் அது.

அப்பா சாவியைத் திருப்பினார். கார் காறியது. மறுபடி திருப்பினார். காறியது. மூன்றாம் முறை காறவும் இல்லை, ஒரு முனகல்தான். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு நேற்றைய கிண்ணம் ஞாபகம் வந்தது.

"அப்பா, அந்தச் சின்னப் பை," என்றேன். "தேத்தண்ணி போட்ட சக்கைய வச்சிட்டேன்."

அப்பா இறங்கிப் பொனட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஆவி எழுந்தது. பல்புச் சூட்டில் அந்தச் சக்கை ராத்திரி முழுக்க அவிந்து, மூடி முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். எனக்கு அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அப்பாவுக்கு அடிக்கத் தோன்றவில்லை, எதுவுமே தோன்றவில்லை. பிழிந்தால் சொட்டும் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. வலிக்கு நடுவே நிதானமான குரல்.

"தாச்சியில நேத்து வறுத்த தூள் அடுப்பு மேலயே இருக்கு. மூடியக் கழட்டிட்டு வந்து அதுக்குள்ள வைங்க."

அப்பாவுக்கு உயிர் வந்தது. மூடியைக் கழற்றி, சட்டையால் துடைத்து, குசினிக்கு ஓடினார். அடுப்புத் தணலில் தாச்சி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் தேத்தூளுக்குள் புதைத்தார். நான் தணலை ஊதினேன். அம்மா நூறுவரை எண்ணச் சொன்னாள். நான் எண்ணினேன். அறுபதில் அம்மா ஒரு முறை முனகினாள், நான் எழுபதுக்குத் தாவிவிட்டேன். மூடி வெளியே வந்தபோது கை சுடும் அளவுக்குக் காய்ந்திருந்தது. அப்பா அதற்குள் ஒட்டியிருந்த தூளை ஊதி ஊதித் தட்டினார்.

மழையில் நான் குடை பிடித்தேன். அப்பா வயர்களைப் பூட்டினார். ஊரிலுள்ள ரேடியோவையெல்லாம் பிரித்துப் பூட்டுகிறவர்தான், ஆனாலும் சிவப்புக்கு அடுத்ததாகப் பச்சையை எடுத்தார்.

"மஞ்சள், அப்பா! மஞ்சள்!"

மஞ்சளைப் பூட்டினார். பச்சை. நீலம். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார்.

எடுத்தது!

அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். என்னைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது, ஆகவே முன்சீட்டில் நான். அந்தப் பயணத்தில் நான் பயந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை, என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான கார்ப் பயணம் இன்றுவரை இல்லை. அப்பா வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தார். கண்ணாடி உள்ளே பனித்துப் பனித்து மறைத்தது. நான் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தேத்தூள் பையை இழுத்தெடுத்து, மண்டியிட்டு நின்று அப்பாவின் பக்கம் துடைத்துக்கொண்டே வந்தேன். கம்பளை வந்தது. பேராதனைப் பாலம் வந்தது. அம்மா பின்னாலிருந்து, எந்த இடம், எந்த இடம் என்று கேட்டாள். நான் பஸ் கொண்டக்டர் மாதிரி ஊர்களின் பெயரைக் கத்திச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகும் அப்பா காரை நிறுத்தாமல் ஓடவிட்டு வைத்திருந்தார். ஒரு காவலாளி வந்து சிங்களத்தில் சொல்லித்தான் நிறுத்தினார்.

மத்தியானத்துக்கு முன் தம்பி பிறந்தான். அவனிடமும் தேயிலை மணம் வந்தது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அது அளப்பு.

பத்து நாள் கழித்து அந்த ஆறு பேரும் வந்தார்கள். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள், வீட்டுக்குள் வராமல் முதலில் காரிடம் போனார்கள். சுற்றி நின்றார்கள். பெரியம்மா பொனட்டில் கையை வைத்தாள்.

"மொத செல்ஃப்லயே எடுத்துச்சா தம்பி?"

"மொத செல்ஃப்லயே எடுத்துச்சிங்க," என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப் பொய்! அந்தத் தேதியில் நான் என் கையாலேயே, அழுதுகொண்டே, பெருக்கல் குறி போட்டிருந்தேன். கணக்கென்றால் கணக்குத்தான் என்று வாயைத் திறந்தேன். கதவோரம் தம்பியோடு நின்ற அம்மா என் கையை இறுக்கிக் கிள்ளினாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்து, மனசுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

வளர்ந்து, நான் வேலைக்குப் போன பிறகுதான், பெரியம்மா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அம்மா பிரசவத்துக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வலி வந்த காலையில் இதே மாதிரி மழை, இதே மாதிரி மூடுபனி. லயத்து வாசலில் நின்ற லொறி ஈரத்தில் ஸ்டார்ட் எடுக்கவில்லை. புசல்லாவைக்குக் கடையைத் திறக்கப் போயிருந்த அப்பாவுக்குச் செய்தி போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, ஆறு பெண்கள் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் மெயின் ரோடுவரை இறங்கினார்கள். தோள் மாற்ற ஆள் இல்லை. ரோட்டுக்கு வந்தபோது அம்மா இருந்தாள், தங்கச்சி இல்லை.

அந்த ஆறு பேர்தான் இந்த ஆறு பேர்.

அப்பா அன்று அவர்களிடம் அப்படிச் சொன்னதும், ஆறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்கு இன்னும் கேட்கிறது. பெரியம்மா பொனட்டிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இனிப் புள்ளயக் காட்டுங்க," என்றாள். ஒரு பழைய காரின் மேல் இவர்களுக்கு எவ்வளவு ஆசை பார் என்று, நான் பக்கத்தில் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.